சினை ஆடு நிற்கும் வயலில் நாயை அவிழ்த்துவிடலாமா? இங்கிலாந்தின் குளிர்கால நடைகள்

கேள்வி: 8 டிசம்பர் 2024, மாலை

டெர்பிஷையருக்குக் குடிவந்து எங்களுக்கு இது முதல் குளிர்காலம். ஒரு வயது லாப்ரடார் வளர்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்வெளிப் பாதைகளில் கூட்டிப் போகிறோம். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்று ஒரு பலகையில் படித்தேன். அப்படியானால் இப்போது தேவையில்லைதானே? குட்டிகள் இல்லை, பறவைகள் கூடு கட்டவில்லை, பயிரும் இல்லை. நாயை அவிழ்த்துவிட்டு நடக்கக் குளிர்காலம்தான் சரியான காலம் என்பது என் கட்சி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 8 டிசம்பர், இரவு

செம்மறி ஆடு மேயும் வயல் என்றால் கூடாது. டிசம்பரில் கண்டிப்பாகக் கூடாது.

அந்தப் பலகை பேசுவது திறந்தவெளி நிலங்களைப் பற்றி. மலைமேடு, மூர் எனப்படும் மரமில்லாத மேட்டுவெளி, புதர்வெளி, பொதுமேய்ச்சல் நிலம் இவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. அந்த உரிமையோடு சேர்ந்து வந்த நிபந்தனைதான் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை கயிறு என்பது. தரையில் கூடு கட்டும் பறவைகளை மனதில் வைத்தது. அதற்கு இன்னொரு பாதி உண்டு: பக்கத்தில் கால்நடை இருந்தால் வருடத்தின் எந்த நாளானாலும் கயிறு. அடுத்த முறை அந்தப் பலகையைக் கடைசி வரி வரை படியுங்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆடுகளின் கதை வேறு. நாளை எழுதுகிறேன், இரவுப் பணிக்குக் கிளம்ப வேண்டும்.

9 டிசம்பர், காலை

'குட்டிகள் இல்லை' என்கிறீர்கள். இருக்கின்றன, வயிற்றுக்குள்.

இந்த வாரம் போகும்போது ஆடுகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். வாலுக்குச் சற்று மேலே சிவப்போ நீலமோ பச்சையோ அப்பியிருக்கும். இலையுதிர்காலத்தில் கிடாவின் நெஞ்சில் வார் கட்டி, அதில் ஒரு சாயக்கட்டியைப் பொருத்தி மந்தைக்குள் விடுவார்கள். கிடா ஏறிய ஆட்டின் மேல் சாயம் ஒட்டிக்கொள்ளும். ஆட்டுக்குப் பருவம் திரும்புகிற சுற்று ஏறக்குறைய 17 நாள். அந்தக் கணக்கில் சாயத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டே போவார்கள். முதல் நிறம் மட்டும் இருந்தால் அந்த ஆடு முந்தி ஈனும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நிறம் இருந்தால் முதல் சுற்றில் சினை பிடிக்கவில்லை, பிந்தித்தான் ஈனும். வேலியோரம் நின்றபடியே அந்தப் பண்ணையில் யார் முதலில், யார் பிறகு என்று படித்துவிடலாம்.

சினைக்காலம் 5 மாதத்துக்குச் சற்றுக் குறைவு, சுமார் 147 நாள். நவம்பர் 5, வாணவேடிக்கை இரவன்று கிடாவைச் சேர்த்தால் ஏப்ரல் முதல் தேதி குட்டி என்பது இங்குள்ள பண்ணைக்காரர்களின் பழைய கணக்கு. எண்ணிப் பாருங்கள், சரியாக வரும். தாழ்நிலப் பண்ணைகளில் இன்னும் முன்னாலேயே சேர்த்துவிடுவார்கள். ஆக டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி முழுக்க நீங்கள் கடந்துபோகும் வயல்களில் நிற்பவை பெரும்பாலும் சினை ஆடுகள். கடிபடக்கூட வேண்டியதில்லை. துரத்தப்பட்டு ஓடிய களைப்பிலும் மிரட்சியிலுமே சினை கலைந்து குட்டியை வீசிவிடும். கூட்டமாக ஓடிக் கல்சுவர் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் சிக்கியது மூச்சு முட்டிச் சாவதும் உண்டு. நாயைக் கூட்டி வந்தவருக்கு அன்று எதுவும் தெரியாது. வீட்டுக்குப் போய்க் காலைத் துடைத்துவிட்டு டீ குடிப்பார். சில நாள் கழித்துச் செத்த குட்டியை எடுத்துப் போடுகிறவர் வேறொருவர்.

ஆடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். சினை ஆட்டைக் கம்பால் தட்டி ஓட்டவே தாத்தா விடமாட்டார். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு வேகம்.

9 டிசம்பர், மதியம்

'எங்கள் நாய் விளையாடத்தான் ஓடும், கடிக்காது' என்று ஒரு நண்பர். நம்புகிறேன். ஆட்டுக்கு அது தெரியாதே.

14 டிசம்பர்

பொதுப்பாதையில், அதாவது தனியார் நிலத்தின் வழியே யாரும் நடக்க உரிமையுள்ள பாதையில், கயிறு கட்டாயமே இல்லை, நாய் கூப்பிட்டால் வர வேண்டும், அவ்வளவுதான் என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பாதையைப் பற்றிய சட்டத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் பாதை ஒரு வயலுக்குள் போகிறது, அந்த வயலில் ஆடு நிற்கிறது. அங்கே வேறொரு சட்டம் வந்துவிடுகிறது. கால்நடைகளைக் காக்க 1953இல் கொண்டுவந்தது அது. அதன்படி செம்மறி நிற்கும் வயலில் நாய் கயிற்றிலும் இல்லாமல், ஆளின் நெருங்கிய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் திரிந்தாலே குற்றம். துரத்தினால்தான் என்றில்லை.

அடுத்தது 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம். ஆட்டைத் துரத்தும் நாயைத் தடுக்க வேறு வழியே இல்லாத நிலையில் பண்ணைக்காரர் அதைச் சுட்டுவிட்டு, 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவித்துவிட்டால், நஷ்ட ஈடு கேட்டு நாய்க்காரர் போடும் வழக்கில் அவருக்கு அது பாதுகாப்பு. இதைப் படிக்கும்போது எல்லோருக்கும் பண்ணைக்காரர் மேல்தான் கோபம் வருகிறது. எனக்கும் வந்தது. பிறகு ஒரு பண்ணை முற்றத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, நாய் குதறிய ஆட்டை மருத்துவரிடம் காட்டிப் பயனில்லை என்று தானே முடித்துவைத்த கதையை ஒரு வயதானவர் சொன்னார். துப்பாக்கியைத் தூக்க யாருக்கும் ஆசையில்லை என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

'நெருங்கிய கட்டுப்பாடு' என்றால் என்ன என்று அந்த அம்மா கேட்பார். என் அளவுகோல் எளிது: எதிரே முயல் பாயும்போதும் கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும். என் நாய் மணி, ஸ்பிரிங்கர் ஸ்பானியல் இனம். தோட்டத்தில் பத்துக்குப் பத்து திரும்பி வருவான். முயல் என்றால் சொல்ல முடியாது. அதனால் ஆட்டு வயலில் கயிறு.

16 டிசம்பர்

இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் கயிறு போதுமா என்று கேட்டவருக்கு: திறந்தவெளி நிலத்தில் போதாது. நீளம் மாறாத, 2 மீட்டருக்கு மிகாத கயிறு என்றே சட்டத்தில் இருக்கிறது. கைக்கும் அதுதான் நல்லது. சேற்றில் நிற்கும்போது எட்டு மீட்டர் தூரத்திலிருந்து ஒரு லாப்ரடார் வெடுக்கென்று இழுத்தால் தோள் கழன்றுவிடும்.

22 டிசம்பர், இரவு

ஆளாளுக்குச் சட்டம் பேசி இந்தக் கேள்வி-பதில் இழை காய்ந்துவிட்டது. இன்றைய நடையைச் சொல்கிறேன்.

ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் ரயிலில் ஹோப் நிலையத்தில் இறங்கினோம், நானும் மணியும். நாய்க்கு டிக்கெட் கிடையாது, ஒருவர் இரண்டு நாய் வரை இலவசமாகக் கூட்டிப் போகலாம். ஊரைத் தாண்டி லோஸ் ஹில் ஏறி, மலைமுதுகோடு பேக் டோர் வழியாக ஹாலின்ஸ் கிராஸ் போய், அங்கிருந்து ஈடேல் பக்கம் இறங்கி மறுபடி ரயில். வெயில் காலத்தில் அரைநாள் உலா. இப்போது கணக்கே வேறு. சூரியன் 8 மணிக்கு மேல்தான் எழுகிறது, 4 அடிப்பதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. மேகம் இருந்தால் 3 மணிக்கே கல் எது, பள்ளம் எது என்று தெரியாது. அதனால் காலையில் முதலில் பார்ப்பது திரும்பும் ரயிலின் நேரத்தை. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் கிளம்புவது. தலையில் மாட்டும் விளக்கு ஒன்று எனக்கு, கழுத்துப்பட்டையில் தொங்கும் சின்ன விளக்கு மணிக்கு.

சேறு கேட் வாசலில்தான். வயலின் நடுவில் புல் கால் தாங்கும். ஆடு, மாடு, குவாட் பைக், நடப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நுழைவதால் கேட்டுக்கு முன்னும் பின்னும் பத்தடி குழம்பிக் கிடக்கும். கணுக்கால் வரை உள்ளே போய், 'சளக்' என்று பூட்ஸை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பலர் அதைத் தவிர்க்க ஓரமாகச் சுற்றுகிறார்கள். அடுத்தவர் இன்னும் ஓரமாகச் சுற்றுவார். குளிர்காலம் முடிவதற்குள் ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டித் தடம்போல் அகன்று, புல் செத்துவிடும். நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு நடுவிலேயே நடங்கள். நாய்க்கு எப்படியும் குளியல்தான்.

லோஸ் ஹில் 476 மீட்டர். இன்று உச்சியில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, அவ்வளவு காற்று. மணியின் காதுகள் இரண்டும் பின்னால் பறந்தன. வடக்கே பள்ளத்தாக்குக்கு அப்பால் கிண்டர் மேடு கறுத்துக் கிடந்தது. தெற்கே சிமென்ட் ஆலையின் ஒற்றைப் புகைபோக்கி. அழகான இடத்தில் அது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. மூடுபனியில் திசை தெரிவதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்கு இல்லை.

அந்த உச்சிக்கு 'வார்ட்ஸ் பீஸ்' என்று இன்னொரு பெயர். ஜி. எச். பி. வார்ட் 1900இல் ஷெஃபீல்டில் தொழிலாளர்களைச் சேர்த்து நடைச் சங்கம் தொடங்கியவர். 1945இல் நடைக்காரர்கள் இந்த நிலத்தை அவருக்கே பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதை, இயற்கை நிலங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார். எதிரே தெரியும் கிண்டரில்தான் 24 ஏப்ரல் 1932 அன்று நூற்றுக்கணக்கானவர்கள் தடையை மீறி ஏறினார்கள். அப்போது அது வேட்டைப் பறவைகளுக்காகப் பூட்டிவைத்த தனியார் மேடு. முன்னின்ற பென்னி ராத்மனுக்கு 20 வயது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம், 1951இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக இதே பீக் மாவட்டம், 2000இல் நான் முதலில் சொன்ன திறந்தவெளிச் சட்டம். ஒன்றன்பின் ஒன்றாக வர ஏறக்குறைய எழுபது வருடம் ஆயிற்று.

இதை ஏன் சொல்கிறேன்? பிறர் நிலத்தின் நடுவே, யாரையும் கேட்காமல், நாயோடு நடக்கும் வழக்கம் தானாக முளைத்ததில்லை. கேட்டு, சண்டை போட்டு வாங்கியது. அதைக் காப்பாற்றுவதில் இரண்டு மீட்டர் கயிறுக்கும் பங்கு உண்டு என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

23 டிசம்பர்

நேற்று எழுதாமல் விட்டது: மேலே ஒரு வயலில் ஆடுகள் எங்களைக் கண்டு ஓடவில்லை, எங்களை நோக்கி ஓடிவந்தன. குளிர்காலத்தில் புல்லில் சத்து இல்லை. பண்ணைக்காரர் தீவனம் கொண்டுவந்து போடுவார். ஆள் தெரிந்தாலே தீனி என்று அவை கூடிவிடும். பழகாத நாய் இதில் மிரண்டு குரைக்கும், மந்தை சிதறும். கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நிற்காமல், ஓடாமல், சுவரோரமாக நடந்து போய்விடுங்கள். கேட்டைத் தாண்டியதும் அவை ஏமாந்துபோய் நிற்கும். பாவமாகத்தான் இருக்கும்.

26 டிசம்பர்

பாக்ஸிங் டே, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடுமுறை. ஊரே நடக்கிறது. மூடுபனிக்குள் இருந்து ஒவ்வொரு குடும்பமாக வெளிப்பட்டார்கள், புதுக் கம்பளித் தொப்பிகளோடு. எதிரே வருகிற முன்பின் தெரியாதவர் நம்மிடம் சொல்லும் முதல் வாக்கியம் நாயைப் பற்றியதாகத்தான் இருக்கும். மணியால் எனக்கு இந்த நாட்டில் கிடைத்த பேச்சுத்துணை கொஞ்சமல்ல.

மதியத்துக்கு மேல் காட்டோரம் துப்பாக்கிச் சத்தம். ஃபெசன்ட் கோழி வேட்டைக்காலம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. ஞாயிறன்றும் கிறிஸ்துமஸ் அன்றும் சுடக் கூடாது, மற்ற நாள்களில் நடக்கும். புதரைத் தட்டிப் பறவைகளைக் கிளப்புகிறவர்கள் கொடிகளோடு வரிசையாக வருவார்கள். பொதுப்பாதையில் நமக்கு உரிமை போய்விடாது. ஆனால் நின்று, அவர்கள் கண்ணில் படும்படி கையைக் காட்டுங்கள். பொதுவாகச் சுடுவதை நிறுத்தி வழிவிடுவார்கள். வெடிச்சத்தத்துக்குப் பயந்த நாய் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடியதை நேரில் பார்த்திருக்கிறேன். வேட்டை நாள்களில் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வாரே மேல். பட்டையில் சொந்தக்காரரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1992 முதல் சட்டம். 2016 முதல் மைக்ரோசிப்பும் கட்டாயம். சிப் இருக்கிறதே என்று பட்டையை விட்டுவிடாதீர்கள். வயலில் நாயைப் பிடிப்பவரிடம் சிப் படிக்கும் கருவி இருக்காது.

6 ஜனவரி 2025

பனி. நேற்று முழுக்கக் கொட்டி இன்று ரயிலும் தடுமாற்றம், நாங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

நீளமயிர் நாய் வைத்திருப்பவர்களுக்கு: ஈரப்பனி மயிரில் ஒட்டி, உருண்டு, கோலிக்குண்டு அளவுக்கு இறுகிவிடும். காதுமயிர், வயிறு, முன்னங்கால்களின் பின்பக்கத் தொங்குமயிர், முக்கியமாக விரல் இடுக்கு. அரை மணி நேரத்தில் மணி நொண்டத் தொடங்கினான். தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் நாலு விரல் இடுக்கிலும் பனிக்கட்டி. பிய்த்து எடுத்தால் மயிரோடு வரும், கத்துவான். கையுறையைக் கழற்றிப் பாதத்தை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் கரையும். வீட்டில் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் போதும். சூடான நீர் வேண்டாம். விரல் இடுக்கு மயிரை டிசம்பரிலேயே வெட்டிவிடுவது உத்தமம்.

சாலையில் கொட்டும் செம்பழுப்பு உப்பைக் காலிலிருந்து கழுவிவிடுங்கள். எரியும், அதை நக்கினால் வயிற்றுக்கும் கேடு. காருக்கு ஊற்றும் உறைதடுப்புத் திரவம் சிந்திய இடத்தைச் சுற்றிப் போங்கள். சின்ன அளவே நாயின் சிறுநீரகத்தை முடித்துவிடும்.

உறைந்த குளத்தின் மேல் குச்சியை எறியாதீர்கள். நாய் பனிக்கட்டி உடைந்து விழுந்தால் நீங்கள் பின்னால் இறங்கவே இறங்காதீர்கள். கரையில் நின்று கூப்பிடுங்கள், 999க்குப் போன் செய்யுங்கள். நாய் தத்தளித்துக் கரையேறிவிட, காப்பாற்றப் போன மனிதர் மூழ்கிய சம்பவங்கள் இந்த நாட்டில் உண்டு.

12 ஜனவரி

'அலபாமா ராட்' பற்றிப் பயந்துபோய்க் கேட்டவருக்கு. நாய்களுக்கு வரும் நோய், இந்த நாட்டில் 2012இல் கண்டறிந்தது, அரிது. காலில், வயிற்றில், வாயோரம் காரணமில்லாத புண் வரும், பிறகு சிறுநீரகம் பாதிக்கும். பெரும்பாலும் நவம்பர் முதல் மே வரை, சேறும் ஈரமும் உள்ள காட்டுப்பகுதி நடைகளை ஒட்டி வருகிறது. எதனால் என்று மருத்துவர்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை. சேற்றில் நடந்து வந்ததும் காலைக் கழுவித் துடைத்துப் பாருங்கள். அடிபட்டதாக நினைவில்லாத புண் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்காக நடையை நிறுத்த வேண்டாம்.

புண்ணைப் பற்றிக் கேட்பவர்கள் மலத்தைப் பற்றிக் கேட்பதில்லை. 'வயல்தானே, உரம்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். நாயின் மலத்தில் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். புல்லோடு அதைத் தின்னும் பசு கன்று வீசிவிடும். பையில் எடுங்கள். எடுத்த பையை மரக்கிளையில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள், இது இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களே செய்யும் அசிங்கம்.

18 ஜனவரி

லிங்கன்ஷையர் நண்பர் கேட்டது நல்ல கேள்வி. வரைபடத்தில் பொதுப்பாதை வயலின் குறுக்கே போகிறது, நேரில் பார்த்தால் முளைத்த கோதுமை. மிதிக்கலாமா, ஓரமாகச் சுற்ற வேண்டுமா?

பாதை போகும் கோட்டிலேயே நடங்கள். குறுக்குப் பாதையை உழ விவசாயிக்கு அனுமதி உண்டு. ஆனால் விதைப்புக்காக உழுத 14 நாளுக்குள் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்கு அதைத் திரும்பச் சமன்செய்து, கோடு தெரியும்படி வைக்க வேண்டும். பயிர் அந்த அகலத்தில் வளரவும் கூடாது. மரியாதை என்று நினைத்து ஓரமாகச் சுற்றினால், உங்களுக்கு உரிமையில்லாத இடத்தில் நீங்கள் நடக்கிறீர்கள், பாதையும் மெல்ல மறைகிறது. வயலோரப் பாதை என்றால் அதை உழவே கூடாது. நாயும் அந்தக் கோட்டிலேயே வரட்டும், பயிருக்குள் வட்டமடிக்க விடாதீர்கள். 1:25,000 அளவிலான ஆர்டினன்ஸ் சர்வே வரைபடத்தில் பச்சை நிறத்தில் விட்டுவிட்டுப் போகும் சிறு கோடுகள்தான் பொது நடைபாதை. நேரில் மஞ்சள் அம்பு நடைபாதைக்கு, நீலம் குதிரையும் சைக்கிளும் போகும் பாதைக்கு.

பீக் பக்கம் பெரும்பாலும் புல்வெளி என்பதால் இந்தச் சிக்கல் எனக்கு வந்ததில்லை. உங்கள் ஊர்ச் சமவெளியில் குளிர்காலக் கோதுமையின் பச்சை கண்ணுக்கு எட்டிய மட்டும் இருக்கும் என்று கேள்வி. பார்க்க ஆசை.

26 ஜனவரி

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

காசில்டனுக்கு மேலே ஒரு சரிவில், தூரத்தில் நாலு கால்களை வானத்துக்குக் காட்டியபடி ஓர் ஆடு. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு கால் உதைத்தது. மழையில் நனைந்த முழுக் கம்பளி, வயிற்றில் குட்டி, முதுகுக்கு அடியில் சின்னப் பள்ளம். புரண்டுவிட்டால் சினை ஆட்டால் தானாக எழ முடியாது. வயிற்றில் வாயு ஏறி மூச்சை அடைத்துச் சில மணி நேரத்தில் செத்துவிடும். காக்கைகள் அதற்கு முன்பே கண்ணைத் தேடி வந்துவிடும். பக்கத்துச் சுவரில் இரண்டு உட்கார்ந்திருந்தன.

மணியைக் கேட் கம்பத்தில் கட்டிவிட்டுப் போனேன். தோள் பக்கம் ஒரு கை, இடுப்பு பக்கம் ஒரு கை, கம்பளியை நன்றாகப் பற்றி ஒரே மூச்சில் பக்கவாட்டில் புரட்டினேன். கனம் எதிர்பார்த்ததைவிட அதிகம், ஈரக் கம்பளி கையில் எண்ணெய்ப் பிசுக்காக வழுக்கியது. எழுப்பியதும் விட்டுவிடக் கூடாது. காலில் ரத்தம் ஓடாமல் மரத்துப்போயிருக்கும், மறுபடி சாய்ந்துவிடும். என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அணைத்து நிறுத்திவைத்தேன். அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது என் காலில் தெரிந்தது. முதுகில் நீலப் புள்ளி. வயிற்றில் எத்தனை குட்டி என்று ஸ்கேன் பார்த்துப் போட்ட அடையாளம், பண்ணைக்குப் பண்ணை மாறும். கொஞ்ச நேரத்தில் நீளமாகச் சிறுநீர் கழித்தது, தள்ளாடி நாலடி வைத்தது, பிறகு திரும்பிப் பார்க்காமல் மந்தைக்குள் போய்ச் சேர்ந்துகொண்டது.

கீழே பண்ணை வீட்டில் சொல்லிவிட்டு வந்தோம். அந்த அம்மா மணிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். எது என்று விசாரித்து, போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

குளிர்காலக் கடைசியில் நடக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருங்கள். நாயை எட்ட நிறுத்த ஒரு கயிறு கையில் இல்லாவிட்டால் அந்த ஆட்டுக்குப் பக்கத்தில்கூட நான் போயிருக்க முடியாது.

2 பிப்ரவரி

படித்துப் பார்த்தால் நாய் ஓடவே கூடாது என்று நான் சொல்வதுபோல் ஆகிவிட்டது. அப்படி இல்லை. ஸ்பானியலை வாரம் முழுக்கக் கயிற்றில் வைத்தால் அதற்குப் பைத்தியம் பிடிக்கும். ஓடட்டும், இடம் பார்த்து ஓடட்டும். கால்நடை விடாத காட்டில், ஊர் விளையாட்டுத் திடலில். நாய்களுக்கென்றே உயர வேலி போட்ட வயல்களை இப்போது மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள், கூப்பிட்டால் வராத இளம் நாய்க்கு அதுதான் சரி. கேள்வி கேட்ட நண்பரின் ஒரு வயது லாப்ரடாருக்கு அதையே சொல்வேன். ஒன்று கவனிக்க வேண்டும். சில மூர்களில், முக்கியமாகக் குரவுஸ் பறவை வேட்டைக்கு வைத்திருப்பவற்றில், நாயையே உள்ளே விடாத தடை இருக்கும். நுழைவிடத்தில் எழுதியிருப்பார்கள். அங்கேயும் பொதுப்பாதைக்கு அந்தத் தடை பொருந்தாது.

மாடுகள் பற்றி யாரும் கேட்கவில்லை. குளிர்காலத்தில் பெரும்பாலானவற்றைக் கொட்டகையில் கட்டிவிடுவதால் நினைவு வரவில்லை போலும். சில பண்ணைகளில் வெளியிலேயே விடுவார்கள். மாடு துரத்தினால் மட்டும், ஆட்டுக்கு நான் சொன்னதெல்லாம் தலைகீழ்: கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய் மேல். நாய் தப்பித்துவிடும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர்தான் மிதிபடுவார்.

22 பிப்ரவரி

பனித்துளிப் பூக்கள் தேவாலய முற்றங்களில் வெள்ளையாகப் பரவிவிட்டன. வேலிகளில் ஹேசல் மஞ்சள் சரம் தொங்கவிட்டிருக்கிறது. தாழ்வான பண்ணைகளில் முதல் குட்டிகள் வந்துவிட்டன.

இன்று ஹோப் பக்கம் ஒரு கேட்டில் அட்டையில் கையால் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்: ஆடுகள் ஈனும் நேரம், நாயோடு வருகிறவர்கள் தயவுசெய்து கீழ்ப்பக்கப் பாதையில் போகவும். பொதுப்பாதையை அப்படி மூட அவர்களுக்கு அதிகாரமில்லை, இது வேண்டுகோள்தான் என்று எனக்குத் தெரியும். என் முன்னால் போன இருவர் அதைச் சொல்லியே கேட்டைத் திறந்து நுழைந்தார்கள். நான் கீழ்ப்பக்கமே போனேன். உரிமையை எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் லிங்கன்ஷையர் நண்பரின் கோதுமை வயல். இங்கே ஈனும் ஆட்டுக்காகப் பத்து நிமிடம் சுற்றுவதில் எந்த உரிமையும் குறைந்துவிடாது. இரண்டையும் ஒரே இழையில் எழுதியிருப்பதால் முரண்போலத் தெரியலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த சில வாரங்களில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சுற்றுப்பாதை ஓடையோரமாகப் போகிறது, இரண்டு இடத்தில் முழங்கால் வரை சேறு, வெல்லிங்டன் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். கல்சுவரைத் தாண்டும் படி ஒன்றில் நாய் நுழையச் சந்து இல்லை, லாப்ரடாரைத் தூக்கித்தான் போட வேண்டும். ஆள் துணைக்கு இருந்தால் நல்லது.